முதல் படத்தின் தலை

முகூர்த்த நாளில் திருத்தணியில் ஆட்டோ பிடிப்பதைவிட அரக்கோணத்துக்கு நடந்தே போய்விடலாம். நல்ல நாள் வந்துவிட்டால் நகரி, புத்தூர், சித்தூர் பக்கமிருந்தெல்லாம் வேன் வேனாக ஜனம் வந்து இறங்கும். மலைமேல் தாலி, மலைக்குக் கீழே சத்திரத்தில் சாப்பாடு. பாதிப் பேர் தமிழில் சண்டை போடுவார்கள், பாதிப் பேர் தெலுங்கில் சமாதானம் செய்வார்கள். இந்தக் கூட்டத்தை நம்பிப் பிழைத்தவர்கள் பூக்காரர்கள், மேளக்காரர்கள், சமையல்காரர்கள், ஸ்டூடியோக்காரர்கள். இரண்டாயிரங்களின் நடுவில் கொஞ்ச காலம் நானும் அவர்களோடு சேர்ந்து அந்தக் கூட்டத்தை நம்பிப் பிழைத்தேன். நான் பூக் கட்டவில்லை, மேளம் அடிக்கவில்லை. ஃபைல் சிஸ்டம் எழுதினேன்.

அதற்கு முன்பு சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். தினமும் மின்சார ரயிலில் போய்த் திரும்புவதற்குள் உடம்பு சக்கையாகிவிடும். ஒரு நாள் மேலதிகாரியோடு சண்டை போட்டு, வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். எதற்குச் சண்டை என்பது மறந்துவிட்டது. நான் சொன்னதுதான் சரி என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. வீட்டில் அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அத்தா பைபாஸ் பக்கம் லாரி மெக்கானிக். அவர் ஒன்றும் சொல்லாமல், தன்னிடம் வேன் ரிப்பேருக்கு வருகிற ஒரு ஸ்டூடியோக்காரரிடம், எங்கள் பெண் கம்ப்யூட்டர் படித்தவள், சும்மாதான் இருக்கிறாள் என்று சொல்லிவைத்தார். சும்மாதான் இருக்கிறாள் என்ற வார்த்தைக்காக நான் அத்தாவோடு ஒரு வாரம் பேசவில்லை.

ஸ்டூடியோக்காரர் மலைக்கோயில் மடப்பள்ளியில் தலைமுறை தலைமுறையாக அடுப்பு மூட்டுகிற குடும்பத்தில் பிறந்தவர். அண்ணன் தம்பிகள் எல்லாம் மேலே கரண்டி பிடிக்க, இவர் மட்டும் கேமராவைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். வாய் கொஞ்சம் நீளம். மாவட்டத்தில் தன்னைப் போல முகூர்த்தப் படம் எடுக்க ஆள் இல்லை என்று தானே சொல்லிக்கொள்வார், அதில் பொய்யும் இல்லை. ஃபிலிமை விட்டு டிஜிட்டல் கேமராவுக்கு மாறிய புதிது. முன்பெல்லாம் யோசித்து யோசித்து எடுத்தவர், இப்போது ஒரு கல்யாணத்துக்கு ஆயிரக்கணக்கில் சுட்டுத் தள்ளினார். அத்தனையும் வைக்க, மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து பழைய ஹார்ட் டிஸ்க்குகள் மூன்று வாங்கி வைத்திருந்தார். எந்தக் கல்யாணம் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியாது, முருகனுக்கும் தெரியாது.

மூன்றையும் ஒரே ஃபோல்டராகக் காட்டித் தருகிறேன், எது எங்கே இருக்கிறது என்று நீங்கள் நினைக்கவே வேண்டாம், படத்தைப் போடுங்கள், எடுங்கள், அவ்வளவுதான் என்றேன். எந்த ஃபைல் எங்கே என்று கணக்கு வைப்பதுதான் ஃபைல் சிஸ்டம். சாதாரணமாக இந்த வேலையைக் கம்ப்யூட்டரின் அடிவயிற்றில் இருக்கிற கெர்னல் பார்த்துக்கொள்ளும். அங்கே கைவைத்துத் தப்பு செய்தால் மொத்தப் பெட்டியும் படுத்துவிடும். அந்த வருடங்களில்தான், கெர்னலைத் தொடாமல், மற்றப் புரோகிராம்களைப் போலவே வெளியே ஓடுகிற ஒரு ஃபைல் சிஸ்டத்தை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்ற வசதி லினக்ஸில் வந்திருந்தது. யார் வேண்டுமானாலும் என்றால் நானும்தானே.

அது எப்படி வேலை செய்யும் என்று அவருக்குச் சத்திரத்தை வைத்துத்தான் விளக்கினேன். ஹார்ட் டிஸ்க் ஒரு பெரிய சத்திரம். உள்ளே எல்லாம் ஒரே அளவு சின்னச் சின்ன அறைகள். ஒரு படம் வந்தால் அது ஒரு குடும்பம் வந்த மாதிரி. எத்தனை பேர் என்று பார்த்து, அடுத்தடுத்துக் காலியாக இருக்கிற அறைகளைக் கொடுப்பேன். எந்த அறையில் ஆரம்பம், மொத்தம் எத்தனை அறை என்று குறித்துக்கொள்வேன். படத்தை அழித்தால் குடும்பம் காலி செய்த மாதிரி. அறைகளைத் திரும்ப வாங்கி, அப்போதே கழுவிவிட்டு, அடுத்தவருக்குத் தயாராக வைப்பேன். கழுவுவது என்றால் அறை முழுக்கப் பூஜ்யங்களை எழுதிவைப்பது. அப்படிக் கழுவ வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை. ஆனால் எனக்குச் சுத்தம் முக்கியம். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

தையில் போட்டுக் கொடுத்தேன். அருமையாக ஓடியது. ஸ்டூடியோக்காரர் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்த ஒற்றை ஃபோல்டரைத் திறந்து காட்டினார், என்னமோ அவரே எழுதியது போல. நானும் போனால் போகிறது என்று விட்டுவிட்டேன்.

வைகாசியில் முதல் குட்டு விழுந்தது. ஒரு வீட்டார் பெரிய அளவு பிரிண்ட் கேட்டு வந்தார்கள். அந்தக் கல்யாணத்தின் முதல் படம் மட்டும் திறக்கவில்லை. மற்றவையெல்லாம் பளிச்சென்று இருந்தன. கார்டு கோளாறாக இருக்கும் என்றேன். கொஞ்ச நாளில் இன்னொரு கல்யாணம், அதிலும் முதல் படம்தான் போயிருந்தது. பழையதையெல்லாம் கிளறிப் பார்த்தோம். சில கல்யாணங்களில் போயிருந்தது, சிலவற்றில் போகவில்லை. ஆனால் போன இடத்திலெல்லாம் போனது முதல் படமேதான்.

முதல் படம் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். எந்தச் சடங்குக்கும் முதலில் மஞ்சளில் ஒரு பிள்ளையார் பிடித்து, அறுகம்புல் சாத்தி, அவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. ஸ்டூடியோக்காரரும் அந்தப் பிள்ளையார் பூஜையை எடுக்காமல் வேறு எதற்கும் கேமராவைத் தூக்க மாட்டார். ஆக படம் போன ஒவ்வொரு கல்யாணத்திலும் காணாமல் போனது பிள்ளையார். ஸ்டூடியோக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஏதோ சாமி குற்றம் என்று முடிவு கட்டி, அதன் பிறகு எல்லாவற்றிலும் முன்னைவிடப் பயபக்தியாக நடந்துகொண்டார். அவர் பக்தி கூடக் கூட, படம் போவதும் கூடியது.

அவரோடு வேலை பார்த்த வீடியோக்காரர் ஒருவர் இருந்தார். ஒரு நாள் டீ குடித்துக்கொண்டே, என் காதில் விழும்படியாகச் சொன்னார்.

"பாய் வீட்டுப் பொண்ணு போட்ட பொட்டி. அதுல போயி பிள்ளையார் ஒக்காருன்னா எப்டி ஒக்காருவாரு?"

விளையாட்டாகச் சொன்னதுதான். ஸ்டூடியோக்காரரே அவரை வாயை மூடச் சொன்னார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்று தைத்தது. இதே ஊரில் பிறந்து, இதே மலைப்படிகளில் தோழிகளோடு ஏறி இறங்கி வளர்ந்தவள் நான். என் புரோகிராமில் தப்பு இருக்கிறது என்று சொல்லட்டும், தாங்கிக்கொள்வேன். அந்த டீயை முழுதாகக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஆடி பிறந்தது. புதுப்பெண்களை அம்மா வீட்டுக்கு அழைத்துக்கொள்கிற மாதம். அப்படி வந்த ஒரு பெண் கடைக்கு வந்தாள். வைகாசியில் மலையில் கல்யாணம் ஆகி நகரிக்குப் போனவள். அவள் போன அடுத்த மாதமே அவளுடைய அப்பா நெஞ்சு வலி வந்து இறந்துபோயிருந்தார். சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும். பெண்ணைப் பெற்றவர் தன் வீட்டுக் கல்யாணத்தில் எங்கே நின்று படம் பிடித்துக்கொள்கிறார்? ஆல்பம் முழுக்கத் தேடினோம். ஒன்றில் முதுகு, ஒன்றில் பந்தியில் யாருக்கோ தண்ணீர் ஊற்றுகிற கை. தாரை வார்க்கிற படத்திலும் குனிந்த தலைதான். ரேஷன் கார்டில் ஒட்டியிருந்த முகத்தைப் பார்த்தால் அவருக்கே அவரை அடையாளம் தெரிந்திருக்காது.

"நைனா தனியா ஒக்காந்துகினு இருப்பாரு ணா, மஞ்சப் பிள்ளையார் முன்னால. சிரிச்சிகினு. நீங்க எடுத்தீங்க, நான் பாத்தேன். அது ஆல்பத்துல வரல."

ஆல்பத்துக்கு வேண்டாம் என்று அந்தப் படத்தை ஒதுக்கியிருந்தார்கள், கல்யாணப் பெண் இல்லாத படம் எதற்கு என்று. ஆல்பத்துக்குத் தேர்ந்ததை மட்டும் சி.டி.யில் போட்டுக் கொடுப்பது ஸ்டூடியோக்காரரின் பழக்கம். கேமரா கார்டை அடுத்த முகூர்த்தத்துக்கு அழித்தாகிவிட்டது. அந்தப் படம் உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது, என் ஃபோல்டரில். போய்த் திறந்து பார்த்தேன். முதல் படம். திறக்கவில்லை.

ஸ்டூடியோக்காரர் அவளிடம், தேடி எடுத்து வைக்கிறேன், ஆடி முடிவதற்குள் வாம்மா என்று சொல்லி அனுப்பினார். அவள் தெருமுனை திரும்புகிற வரை அவர் என் பக்கம் திரும்பவில்லை. பிறகு, ஆவணி முதல் முகூர்த்தம் வரைதான் உன் பெட்டிக்கு நேரம், அன்றைக்கும் படம் போனால் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடு என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் மெதுவாகச் சொன்னார்.

அந்தப் படத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். அதன் முதல் அறை மட்டும் முழுக்கப் பூஜ்யம், சுத்தமாகக் கழுவிவிட்டது போல. மீதி அறைகளில் ஏதோ இருந்தது. ஆனால் ஒரு படத்தின் தலைப்பகுதியில்தான், இது படம், இன்ன வகை, இன்ன அளவு என்ற அறிமுகமெல்லாம் இருக்கும். தலை போன பிறகு முண்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எந்த மென்பொருளில் போட்டாலும் இது படமே இல்லை என்றது. போனது போனதுதான் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். ஏன் போனது என்றாவது கண்டுபிடிக்க வேண்டும் என்பது எனக்கு வெறியாகிவிட்டது.

இனிதான் வேடிக்கை. ஆடி மாதம் முழுக்க என்னால் அந்தப் பிழையை ஒரு தடவைகூட வரவழைக்க முடியவில்லை. கிருத்திகைக் கூட்டம் மலையேறுவது போல ஆயிரமாயிரம் ஃபைல்களை உள்ளே அனுப்பினேன், வெளியே எடுத்தேன், அழித்தேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கினேன். எல்லாம் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தது. வெளியே காவடிகள் போய்க்கொண்டிருந்தன. ஸ்டூடியோக்காரர் அடிவாரத்தில் கொட்டகை போட்டுக் காவடிக்காரர்களைப் படம் பிடித்து, அங்கேயே பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிடுவார். அந்தப் படங்கள் என் ஃபோல்டர் பக்கமே வராது. கல்யாணமும் இல்லை. என் பிழையும் ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தது.

கடைசியில் அவரையே உட்காரவைத்து, ஒரு கல்யாணப் படங்களை ஏற்றுவதிலிருந்து முடிப்பது வரை என்னென்ன செய்வீர்களோ ஒன்றுவிடாமல் என் முன்னால் செய்யுங்கள் என்றேன். செய்தார். கார்டைச் செருகினார், ஃபோல்டர் திறந்தார், படங்களைப் போட்டார், தேர்ந்தெடுத்தார், மூடினார். முதல் படம் ஜம்மென்று திறந்தது. மறுபடி செய்யச் சொன்னேன். மறுபடியும் திறந்தது. மூன்றாவது தடவை கேட்டபோது அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. அந்தப் பெண் வாரத்துக்கு ஒரு தடவை கடைப் பக்கம் வந்து, கிடைச்சுதா ணா என்று கேட்டுவிட்டுப் போனாள். ஒவ்வொரு தடவையும் அவர், தேடிகினு இருக்கறோம்மா என்றார். நான் கடைக்குள் தொங்கிய துணித் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன், வெளியே வர மாட்டேன்.

ஆவணி முதல் முகூர்த்தம் வந்தது. காலையிலேயே கடையில் போய் உட்கார்ந்துகொண்டேன். மதியம்போல அவர் மலையிலிருந்து வியர்க்க விறுவிறுக்க இறங்கி வந்தார். முகம் கழுவினார். கார்டைச் செருகவில்லை. முதலில் அந்தக் கல்யாணத்துக்கு ஒரு ஃபோல்டர் திறந்தார். அதற்குள்ளே மவுசின் வலது பொத்தானை அழுத்தி, புதிதாக ஒரு ஃபைல் உண்டாக்கினார். அதற்குப் பிள்ளையார் என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்தார். ஒரு விநாடி கண்ணை மூடினார். அப்புறம்தான் கார்டை எடுத்தார்.

"இது இன்னா ணா?"

"பிள்ளையார்மா."

"அன்னிக்கி அத்தினி வாட்டி செஞ்சி காட்டினீங்களே, இத ஏன் செய்யல?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அன்னிக்கி சும்மா தானேம்மா செஞ்சி காட்டினேன். சும்மா காட்டறதுக்கு யாராவது சாமிய கூப்புடுவாங்களா?"

அந்த ஃபைலுக்குள் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் எழுத மாட்டாராம். அவர் இருந்தால் போதாதா என்றார். வேலை முடிந்ததும் இதை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் தெருவிலேயே எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன். பூஜை முடிந்ததும் மஞ்சள் பிள்ளையாரை எடுத்துத் தண்ணீரில் கரைத்துவிடுவார்கள்.

"கரைச்சிடுவேன். முன்னல்லாம் பாதி நாளு மறந்துடுவேன். இந்தப் படம் போறது ஆரம்பிச்சதுக்கு அப்புறம் மறக்கறதே இல்ல. தவறாம கரைச்சிகினு வர்றேன்."

மறந்த கல்யாணங்களில் படம் பிழைத்தது, அங்கே மிஞ்சிக் கிடந்த காலி ஃபைலை நான் குப்பை என்று கண்டுகொள்ளாமல் விட்டிருந்தேன். மறக்காத கல்யாணங்களில் போனது. மனிதர் பயந்து பயந்து கரைக்கக் கரைக்க, அடுத்த அறைக்காரனின் தலையில் தண்ணீர் விழுந்திருக்கிறது.

இதைக் கரையுங்கள், இப்போதே பார்க்க வேண்டும் என்றேன். மாட்டேன் என்றுவிட்டார். வேலை ஆரம்பிக்கவே இல்லை, அதற்குள் பிள்ளையாரைக் கரைப்பதா, அதுவும் முதல் முகூர்த்தத்தில். அவரோடு வாதாட நேரமில்லை. என் சோதனைக்கென்று வைத்திருந்த இன்னொரு ஃபோல்டரைத் திறந்தேன். காலி ஃபைல் ஒன்று உண்டாக்கினேன். பெயர் எதுவாக இருந்தாலும் ஒன்றுதான், ஆனால் பிழையைத் துரத்தும்போது எதையும் மாற்றக் கூடாது என்பது என் கொள்கை. ஆகவே நானும் பிள்ளையார் என்றே வைத்தேன். என் வாழ்நாளில் நான் பிடித்த முதல் பிள்ளையார். பத்துப் பதினைந்து படங்களை உள்ளே போட்டேன். பிள்ளையாரைக் கரைத்தேன். முதல் படத்தைத் திறந்தேன்.

திறக்கவில்லை.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் ஓடி வந்துவிட்டார். படம் போனதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருத்தியை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார். ஒரு மாதமாகக் கண்ணில் மண்ணைத் தூவிக்கொண்டிருந்த திருடன் கையும் களவுமாக மாட்டியிருக்கிறான். நான் இன்னொரு பிள்ளையார் பிடித்துக் கரைத்தேன். மறுபடி போனது. இன்னொன்று. மறுபடி. ஸ்டூடியோக்காரர், போதும்மா, சாமியோட வெளையாடாத என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

காரணம் ஒரே ஒரு வரி. காலி ஃபைல் என்பது ஆளே இல்லாமல் பெயரை மட்டும் பதிந்துகொண்ட விருந்தாளி. அதற்கு நான் அறை கொடுக்கவில்லை, சரிதான். ஆனால் ஆரம்ப அறை என்ற இடத்தில், அடுத்துக் காலியாக இருந்த அறையின் எண்ணைப் போட்டுவைத்திருந்தேன். பின்னாலேயே வந்த முதல் படத்துக்கு நியாயமாக அந்த அறையையே கொடுத்தேன். பிள்ளையாரை அழிக்கும்போது மட்டும், எவ்வளவு சின்ன ஃபைலாக இருந்தாலும் ஒரு அறையாவது இருக்குமே என்று, கணக்கில் ஒன்றைக் கூட்டிவிட்டிருந்தேன். அந்த ஒன்று, முதல் படத்தின் தலை இருந்த அறை. போய்க் கழுவிவிட்டேன். எனக்குத்தான் சுத்தம் முக்கியமாயிற்றே.

இவ்வளவு சோதனை செய்தும் எனக்கு ஏன் ஒரு தடவைகூட அகப்படவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. அத்தா எதை எழுதினாலும் மேலே எழுநூற்று எண்பத்தாறு என்று எண்ணால் போட்டுவிட்டுத்தான் எழுதுவார். எங்கள் பக்கம் அதுதான், இறைவன் பெயரால் என்கிற பிஸ்மில்லாவுக்குப் பதில். அந்தப் பழக்கம் எனக்கும் தொற்றி, நான் எழுதும் புரோகிராம்களில் முதல் வரி அதுதான். என் சோதனைக்காக உண்டாக்கிய ஆயிரக்கணக்கான ஃபைல்களிலும் முதலில் அதை எழுதும்படிதான் செய்திருந்தேன். ஆகவே என் ஃபைல் ஒன்றுகூடக் காலியாக இருந்ததே இல்லை. நான் எழுதி ஆரம்பிக்கிறவள், அவர் எழுதாமல் ஆரம்பிக்கிறவர். வீடியோக்காரர் சொன்னதில் பாதி உண்மை என்று தெரிந்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என் பெட்டியில் பிள்ளையாருக்கு நிஜமாகவே இடம் கொடுக்காமல்தான் இருந்திருக்கிறேன்.

வரியைத் திருத்தினேன். அறை இல்லாதவரிடம் அறையைக் கேட்காதே, அவ்வளவுதான். ஸ்டூடியோக்காரர், இனிமேல் பிள்ளையார் வைக்கட்டுமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். தாராளமாக வையுங்கள், வைக்காவிட்டால்தான் எனக்குக் கோபம் வரும் என்றேன்.

வெற்றி என்று கொண்டாட முடியாமல் இரண்டு பேருக்கும் ஒரே ஞாபகம் வந்தது. அந்தப் பெண் இன்னும் இரண்டொரு நாளில் நகரிக்குத் திரும்பப் போகிறாள்.

"அப்போ அந்தப் படம்?"

முதல் அறை கழுவப்பட்டுவிட்டது, மற்ற அறைகள் அப்படியேதான் இருக்கும், ஆனால் தலை இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்று மறுபடி சொன்னேன். அவர் அன்றைய கல்யாணப் படங்களை ஏற்றிக்கொண்டே, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"தல மட்டும்தானே போச்சு?"

"ஆங்."

"பிள்ளையாருக்கும் அதானே போச்சு. வேற தல வெச்சி உடலியா?"

அவர் மனம் நொந்து சொன்னதுதான். என்னை எதுவும் செய்யச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு உட்கார்ந்திருந்த ஸ்டூல் சுட்டது. அன்றைக்கு அதே கேமராவில், அதே வெளிச்சத்தில், இரண்டாவதாக எடுத்த படம் ஒன்று இருக்கிறதே. அதன் தலையில் ஒரு குறையும் இல்லையே.

அந்தக் கேமராப் படங்களை உள்ளே பிரித்துப் பார்த்தேன். ஃபைல் சிஸ்டம்காரி என்ற திமிரில் அதுவரை அதைச் செய்யவில்லை. ஒவ்வொரு படத்தின் ஆரம்பத்திலும் கேமரா தன் சுயபுராணத்தைப் பக்கம் பக்கமாக எழுதிவைத்திருந்தது. தன் பெயர், தேதி, நேரம், லென்ஸ், வெளிச்சம் என்று என்னென்னவோ. நான் கழுவிய முதல் அறை முழுக்க அந்தச் சுயபுராணத்திலேயே அடங்கிவிட்டது. நிஜமான படம் அதற்கும் பல அறைகள் தள்ளித்தான் தொடங்கியது. படம் போகவே இல்லை. மேலே ஒட்டியிருந்த அறிமுகச் சீட்டுதான் போயிருக்கிறது.

இரண்டாவது படத்தின் முதல் அறையை நகல் எடுத்து, முதல் படத்தின் நகல் ஒன்றில் ஒட்டினேன். திறக்கவில்லை. கொஞ்ச நேரம் எனக்கு உலகமே பிடிக்காமல் போயிற்று. பிறகு பார்த்தால், சுயபுராணம் எவ்வளவு நீளம் என்று அதன் தொடக்கத்தில் ஒரு எண் இருக்கிறது. அது படத்துக்குப் படம் கொஞ்சம் மாறுகிறது. தலை பொருந்திவிட்டது, கழுத்துதான் பொருந்தவில்லை. முதல் படத்தில் சுயபுராணம் எங்கே முடிந்து படம் எங்கே தொடங்குகிறது என்று விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு எண்ணி, அந்த நீளத்தைத் தலையில் திருத்தி எழுதினேன்.

திறந்தது.

மேலிருந்து கீழாக, பழைய கம்ப்யூட்டரின் வேகத்தில், படம் வந்தது. மாவிலைத் தோரணம். நெற்றி. திருநீறு. பிறகு அந்தச் சிரிப்பு. மடிப்பு கலையாத புதுச் சட்டையில், பனியன் தெரிய மேல் பட்டனைப் போட மறந்து, சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே வாழையிலையில் மஞ்சள் பிள்ளையார், உச்சியில் அறுகம்புல். மனிதர் கும்பிட மறந்துபோய்க் கேமராவுக்கு இந்தப் பக்கம் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் அவரை அதற்கு முன் பார்த்தது கிடையாது. ஆனாலும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஸ்டூடியோக்காரர் எழுந்து நின்றுவிட்டார், யாரோ பெரியவர் கடைக்குள் நுழைந்தது போல.

மறுநாள் அந்தப் பெண் வந்தபோது நான் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவில்லை. அவள் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். பிறகு எங்களுக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

"நைனா என்னத்தான் பாத்து சிரிக்கறாரு. நான் பொடவ கட்டிகினு அப்பதான் வெளிய வந்தேன். கேமராவுக்குப் பின்னால நின்னுகினு இருந்தேன்."

பெரிய அளவு பிரிண்டுக்கு ஏற்பாடு ஆயிற்று. ஸ்டூடியோக்காரரைப் பொறுத்தவரை அதுவும் ஒரு வேலை, வேலை என்றால் முறை இருக்கிறது. அவளுடைய கல்யாண ஃபோல்டரில் மறுபடி ஒரு பிள்ளையாரைப் பிடித்துவிட்டு, அதற்குப் பின்னால்தான் திருத்திய படத்தை உள்ளே வைக்க என்னை விட்டார். பழைய கணக்காக இருந்தால் பிள்ளையாரும் படத்தின் தலையும் ஒரே அறையில் இருப்பார்கள். என்னிடம் வேறு நகல் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் திருத்திய வரியை இன்னொரு தடவை திறந்து பார்த்துக்கொண்டேன்.

பிரிண்ட் வந்தது. அவள் அதை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீடியோக்காரரும் அன்றைக்குக் கடையில்தான் இருந்தார். ஸ்டூடியோக்காரர் நாற்காலியை விட்டு எழுந்து மவுசை என் பக்கம் தள்ளினார்.

"வேல முடிஞ்சிச்சி. நீயே கரைச்சிடும்மா."

நானா என்று கேட்கவில்லை. வாய்க்குள் பிஸ்மில்லா சொல்லிவிட்டு, பிள்ளையாரைக் கரைத்தேன். பிறகு முதல் படத்தைத் திறந்தேன். அவர் சிரித்துக்கொண்டேதான் இருந்தார்.